தம்பியின் விமானம் மின்கம்பியில் மோதியது. அறிக்கை வரட்டும் என்று காத்திருக்கலாமா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தம்பிக்கு வயது 31. ஆஸ்திரேலியாவில் விமானம் ஓட்டப் படித்தவர். பயணிகள் விமானத்தில் வேலை அமையாததால், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்கே, பருத்தி விளையும் பகுதியில், வயலுக்கு மருந்தடிக்கும் விமானம் ஓட்டப் போனார். மூன்று சீசன் ஓட்டியிருக்கிறார். சென்ற ஏப்ரலில், சித்திரை பிறந்து ஒரு வாரத்தில், அறுவடைக்கு முன் பருத்திச் செடியின் இலையை உதிர்க்கும் மருந்தை அடித்துக்கொண்டிருந்தார். பொழுது சாயும் நேரம். மின்கம்பியில் மோதி விமானம் விழுந்தது. தம்பி அங்கேயே இறந்துவிட்டார். உடல் ஊருக்கு வந்து சேர 18 நாள் ஆனது.

நான்கு மாதம் கழித்து இப்போது நிலைமை இது. விமானத்தின் உரிமையாளர் போனில் பேசினாராம்: "கம்பி இருப்பது வரைபடத்தில் இருந்தது, அவருக்கும் தெரியும், இது பைலட் தவறு. தவிர அவர் எங்கள் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர். ஆனாலும் மனிதாபிமானத்தோடு 40,000 டாலர் தருகிறோம்." கையெழுத்திட்டு அனுப்ப ஒரு படிவமும் மின்னஞ்சலில் வந்திருக்கிறது. சித்தப்பா ஒருவர், "கவர்மெண்டு அறிக்கை வரட்டும். யார் தப்பு என்று அதில் போட்டுவிடுவார்கள். அதை வைத்துக் கேட்டால் கோடிக்கணக்கில் வரும், விமான விபத்துக்குச் சர்வதேசச் சட்டமே இருக்கிறது" என்கிறார். தம்பியின் படிப்புக்கு வாங்கிய கடன் 55 லட்சம், அப்பா கூட்டுக் கையெழுத்து, தோட்டத்துப் பத்திரம் வங்கியில். தம்பி மாதம் 70,000 ரூபாய் வீட்டுக்கு அனுப்பிவந்தார். மணமாகாதவர்.

கறுப்புப் பெட்டியைக் கம்பெனி மறைத்துவிட்டதா, காத்திருக்கலாமா, கையெழுத்துப் போடலாமா என்று வாசகி கேட்கிறார். கடைசி வரியில் அம்மாவின் கேள்வி ஒன்றையும் சேர்த்திருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் திரும்பப் போய்ப் பார்த்தது விபத்து நடந்த தேதியைத்தான். ஏப்ரல் மூன்றாம் வாரம். இப்போது ஆகஸ்ட். நியூ சவுத் வேல்ஸ் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, இறந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். உங்களுக்கு அது அக்டோபர் மூன்றாம் வாரம். அந்த நாள் தாண்டினால் எல்லாம் போச்சு என்று இல்லை. விவரம் தெரியாதது, மாநிலத்துக்கு வெளியே இருந்தது போன்ற காரணங்களைச் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், அதற்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. ஆனால் மன்னிப்புக் கேட்டு வாதாடுவதைவிட இரண்டு மாதத்துக்குள் ஒரு கோரிக்கைப் படிவம் அனுப்புவது எவ்வளவோ சுலபம். அறிக்கை வர ஒரு வருடத்துக்கு மேல் ஆவது அங்கே சாதாரணம். சித்தப்பா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அவர் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நான் சிட்னியில் வழக்கறிஞர். உங்கள் காகிதங்களைப் பார்க்காமல் கடிதத்தை மட்டும் வைத்துப் பதில் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அறிக்கை எதற்கு உதவும், எதற்கு உதவாது

விபத்தை விசாரிப்பது ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம். ஏ.டி.எஸ்.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள், தலைமையகம் கான்பராவில். பைலட் உரிமம், கம்பெனி உரிமம், விதிமீறலுக்கு நடவடிக்கை எல்லாம் சிவில் விமானப் பாதுகாப்பு ஆணையம் (சுருக்கமாக சி.ஏ.எஸ்.ஏ.) என்ற வேறொரு அமைப்பின் வேலை. நம் நாட்டிலும் விபத்துப் புலனாய்வுப் பணியகம் வேறு, டி.ஜி.சி.ஏ. வேறு அல்லவா, அதே மாதிரி.

ஏ.டி.எஸ்.பி. எல்லா விபத்தையும் விசாரித்தே ஆக வேண்டும் என்று இல்லை. எதை விசாரிப்பது என்று அவர்களே முடிவு செய்வார்கள். உங்கள் தம்பியின் விபத்தை எடுத்திருக்கிறார்கள், அதிகாரி ஒருவர் உங்களுக்கு எழுதியும் இருக்கிறார். அது நல்லது. ஆனால் அவர்கள் வேலை செய்வது 2003-ஆம் ஆண்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைச் சட்டத்தின் கீழ். அடுத்த விபத்தைத் தடுப்பதுதான் அதன் நோக்கம். குற்றம் யார்மேல், பணம் யார் தர வேண்டும் என்று அவர்கள் எழுதமாட்டார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், அவர்களுடைய அறிக்கையை சிவில் வழக்கிலோ கிரிமினல் வழக்கிலோ சாட்சியமாகவே வைக்க முடியாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கொரோனர், அதாவது திடீர் மரணங்களை விசாரிக்கும் நீதிபதி, நடத்தும் விசாரணைக்கு மட்டும் விலக்கு.

இதைக் கேட்டுக் கோபம் வருவது இயல்பு. என்னிடம் வரும் குடும்பங்கள் எல்லோரும் கேட்பார்கள்: "உண்மையைக் கண்டுபிடித்துவிட்டு அதைக் கோர்ட்டில் காட்டக் கூடாதா?" காரணம் இதுதான். வண்டியில் மருந்து ஏற்றிவிடும் லோடர் பையனும், எஞ்சின் பார்த்த மெக்கானிக்கும், பக்கத்து வயல் பைலட்டும் வாய் திறக்க வேண்டும். சொன்னது நாளைக்குத் தன்மேலேயே வழக்காகத் திரும்பும் என்று பயந்தால் யார் பேசுவார்கள்? ஆகவே அறிக்கை வரும்போது அதை ஒரு வழிகாட்டிப் பலகையாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே தோண்ட வேண்டும் என்று அது காட்டும். தோண்டி எடுப்பது உங்கள் வழக்கறிஞரும் அவர் அமர்த்தும் நிபுணரும் செய்ய வேண்டிய வேலை.

ஒரு எச்சரிக்கை. இறுதி அறிக்கைக்கு முன்பு வரைவு அறிக்கையைச் சம்பந்தப்பட்டவர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். உங்கள் வீட்டுக்கும் வரலாம். அது ரகசியம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால்கூட அந்த ஊர்ச் சட்டப்படி குற்றம்.

வயலில் என்ன பார்ப்பார்கள்

ஒருமுறை வேறொரு வழக்குக்காக நராப்ரை பக்கம் ஒரு பருத்தி வயல் ஓரத்தில் போய் நின்றேன். கூட வந்தவர் ஓய்வு பெற்ற மருந்தடிக்கும் பைலட். "அதோ கம்பி" என்று கை காட்டினார். வானத்தைத் துழாவினேன், ஒன்றும் தெரியவில்லை. "கம்பியைத் தேடினால் கிடைக்காது, கம்பத்தைத் தேடுங்கள்" என்றார். ஒரு கம்பம் யூகலிப்டஸ் மரங்களுக்குள் பாதி மறைந்து நின்றது. அடுத்தது எங்கோ தூரத்தில், தீக்குச்சி மாதிரி. நடுவில் ஒற்றைக் கம்பி. ஆஸ்திரேலியக் கிராமப்புறத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் கிலோமீட்டர் கணக்கில் தூரம். அதனால் ஒரே கம்பியில் மின்சாரம் போய் மண் வழியாகத் திரும்பும் ஏற்பாடு அங்கே நிறைய. நம் ஊரில் மூன்று நான்கு கம்பி சேர்ந்து ஓடுவதால் கண்ணில் படும். அங்கே கம்பங்களுக்கு நடுவே சில நூறு மீட்டர் இடைவெளி, ஒரே கம்பி, அதுவும் பழையதாகி மங்கி வானத்தோடு ஒட்டிப்போயிருக்கும். விமானம் போவதோ செடிக்கு மேல் மூன்று மீட்டர் உயரத்தில், மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். கண்ணை ஒருமுறை மூடித் திறப்பதற்குள் பத்து மீட்டருக்கு மேல் போய்விடும்.

இனி உரிமையாளர் சொன்னதற்கு வருகிறேன். "கம்பி இருப்பது அவருக்குத் தெரியும், ஆகவே அவர் தவறு." கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே ஏ.டி.எஸ்.பி. பழைய கம்பி விபத்துகளை அலசி 2011 வாக்கில் ஓர் ஆய்வு வெளியிட்டது. மோதிய பைலட்டுகளில் 63 சதவீதம் பேருக்கு அந்தக் கம்பி அங்கே இருப்பது முன்பே தெரியும் என்பதுதான் அதில் எல்லோரையும் உலுக்கிய விஷயம். கம்பி தெரியுமா என்ற கேள்வி விசாரணையின் ஆரம்பம் மட்டுமே. தெரிந்த கம்பி அந்த ஒரு வினாடியில் ஏன் நினைவிலிருந்து நழுவியது என்பதுதான் உண்மையான கேள்வி. மேற்கே இறங்கிய சூரியன் கண்ணாடியில் அடித்ததா? நீள நீளமாக வரிசை அடித்து முடித்து, வயலின் ஓரத்தையும் மூலையையும் குறுக்காக அடிக்கும் கடைசிச் சுற்றா? அந்தச் சுற்றில் திசை மாறும், அதுவரை பக்கவாட்டில் ஓடிய கம்பி திடீரென்று எதிரே வரும். நடுவில் திட்டம் மாறியதா, வேறு வயல் சேர்க்கப்பட்டதா? எத்தனை மணிக்கு எழுந்தார், முந்தைய மூன்று நாளும் எவ்வளவு தூங்கினார்?

சிதைந்த பாகங்களும் பேசும். புரொப்பெல்லர் இதழ்கள் எந்தப் பக்கம் எப்படி வளைந்திருக்கின்றன என்பதை வைத்து, விழும்போது எஞ்சின் சக்தியோடு சுற்றியதா, நின்றுபோயிருந்ததா என்று கணிப்பார்கள். கம்பி உரசிய தழும்பு எந்தப் பாகத்தில், எந்தக் கோணத்தில் என்று பார்ப்பார்கள். இந்த வகை விமானங்களில் சக்கரக் காலிலும் முன்கண்ணாடி அருகிலும் கம்பியை அறுக்கும் கத்தி வைப்பார்கள், கூரையிலிருந்து வால் வரை ஓர் எஃகு வடம் இழுத்திருப்பார்கள், மோதிய கம்பி வழுக்கி மேலே போய்விட. அவை இருந்தனவா, வேலை செய்தனவா என்பதும் கணக்கில் வரும். எரிபொருள் மாதிரி எடுப்பார்கள். பிரேதப் பரிசோதனையில், உடல்நலக் கோளாறு ஏதாவது இருந்ததா, மருந்தின் நச்சு உடம்பில் ஏறியிருந்ததா என்று பார்ப்பார்கள்.

கறுப்புப் பெட்டியை யாரும் ஒளிக்கவில்லை. இந்த மாதிரிச் சிறிய விமானத்தில் அது இருக்க வேண்டும் என்ற விதியே கிடையாது. ஆனால் அதற்கு ஈடான ஒன்று உண்டு. எந்த வரிசை அடித்தாயிற்று, எது பாக்கி என்று பைலட்டுக்குக் காட்டும் ஜி.பி.எஸ். கருவி, போன பாதையையும் எங்கே மருந்து திறந்தது, எங்கே மூடியது என்பதையும் பதிந்துகொண்டே வரும். எஞ்சின் கண்காணிப்புக் கருவி, தம்பியின் ஐபேடில் இருந்த வரைபடச் செயலி, செல்போன் இவற்றிலிருந்தும் தகவல் எடுக்கலாம். உடைந்திருந்தாலும் கான்பரா ஆய்வகத்தில் சில்லைப் பிரித்துப் படித்துவிடுவார்கள். "ஜி.பி.எஸ். பதிவு கிடைத்ததா?" என்று அந்த அதிகாரியிடம் நேரடியாகக் கேளுங்கள். உள்ளடக்கத்தைச் சொல்லமாட்டார், கிடைத்ததா இல்லையா என்பதைச் சொல்லக் கூடும்.

"பைலட் தவறு" என்று யார் சொன்னாலும்

2013 அக்டோபர் 24-ஆம் தேதி நியூ சவுத் வேல்ஸில் உலடுல்லா என்ற ஊருக்கு மேற்கே, காட்டுத்தீ அணைக்கப் போன ஒரு டிரோமேடர் விமானம் விழுந்து பைலட் இறந்தார். அதுவும் மருந்தடிக்கும் வகை விமானம்தான், போலந்தில் செய்தது. இடது இறக்கை வானத்திலேயே பிய்ந்து போயிருந்தது. ஏ.டி.எஸ்.பி. அந்த இறக்கை இணைப்பைப் பிரித்துப் பார்த்தபோது, துருப்பிடித்த சிறு குழியிலிருந்து கிளம்பி மெல்ல மெல்ல வளர்ந்த வெடிப்பு தெரிந்தது. அந்த இடத்தைச் சோதிக்க விதிக்கப்பட்ட முறை ஒன்று, பரிசோதனையில் பயன்படுத்திய முறை வேறொன்று என்பதும் வெளியே வந்தது. எல்லா விபத்தும் இப்படி முடியும் என்று சொல்லவில்லை. உங்கள் தம்பியின் விஷயத்தில் கடைசியில் அவர் கவனம் சிதறியதுதான் காரணம் என்றுகூட வரலாம். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆனால் நான்காவது மாதத்திலேயே போனில் தீர்ப்பு சொல்ல உரிமையாளருக்கு எந்தத் தகுதியும் இல்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று. தொழிலாளர் இழப்பீட்டுக்கு யார் தவறு என்பதே தேவையில்லை. வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக இறந்தாரா என்பது மட்டும்தான் கேள்வி. தொழிலாளி தெரிந்தே பெரிய தவறு செய்து அதனால் காயம்பட்டால் இழப்பீடு கிடையாது என்று ஒரு விதி உண்டு. ஆனால் மரணம் நேர்ந்துவிட்டால் அந்த விதியும் பொருந்தாது. ஆக, தவறு முழுவதும் தம்பியுடையது என்றே வைத்துக்கொண்டாலும் உங்கள் அப்பா அம்மாவின் உரிமை அப்படியே நிற்கிறது.

அந்த 40,000 டாலர் படிவம்

கையெழுத்துப் போடாதீர்கள். விரிவாகப் பதிலும் எழுத வேண்டாம். "வழக்கறிஞரிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்று ஒரு வரி போதும்.

நியூ சவுத் வேல்ஸில் வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு மொத்தமாகத் தரும் தொகையை 2015-ல் 7,50,000 டாலர் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு விலைவாசியோடு சேர்ந்து ஏறிக்கொண்டே வருகிறது. இறுதிச் சடங்குச் செலவு தனி. 40,000 எங்கே, இது எங்கே என்று நீங்களே பாருங்கள். இந்தச் சட்டத்தின் உரிமையை ஒப்பந்தம் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது, அப்படிப் போட்டாலும் செல்லாது. பின் ஏன் பயப்பட வேண்டும் என்றால், அந்தப் படிவத்தில் "அவர் சுயமாகத் தொழில் செய்தவர்", "வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்பது போன்ற வரிகள் இருக்கும். அவை வேறு வழக்குகளில் உங்கள் கையைக் கட்டும்.

"ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர்" என்ற பேச்சு இந்தத் தொழிலில் நான் அடிக்கடி கேட்பது. ஹெக்டேருக்கு இவ்வளவு என்று கூலி, பைலட் பெயரில் ஒரு வணிக எண், மாதம் ஒரு பில். காகிதத்தில் அவர் முதலாளி. ஆனால் விமானம் யாருடையது, எந்த வயலுக்கு எப்போது போவது என்று யார் சொன்னது, வேலையை வேறொருவரிடம் கொடுத்தனுப்ப அவரால் முடிந்ததா, வேறு கம்பெனிக்கும் ஓட்டினாரா? இவற்றைப் பார்த்துத்தான் முடிவு. ஒப்பந்தக்காரர் என்று பெயர் இருந்தாலும் தொழிலாளியாகவே கருத வேண்டியவர்கள் என்று ஒரு பட்டியலும் சட்டத்தில் உண்டு. தம்பிக்கு வந்த வேலைக் குறுஞ்செய்திகள், பில்கள், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, இவற்றையெல்லாம் ஒரு கோப்பில் சேருங்கள். கம்பெனி காப்பீடே எடுக்கவில்லை என்று தெரிந்தாலும் சோர்ந்துவிட வேண்டாம். காப்பீடு இல்லாத முதலாளிகளின் தொழிலாளர்களுக்கென்று அங்கே தனி ஏற்பாடு இருக்கிறது.

இழப்பீட்டுத் தொகை இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தவர்களுக்கு. முழுதும் சார்ந்திருக்க வேண்டியதில்லை, பாதிச் சார்பும் சார்புதான். வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்பதாலேயே உரிமை போய்விடாது. மாதம் 70,000 வந்ததற்கான வங்கிப் பதிவு, கடன் தவணையைத் தம்பி கட்டிய ரசீது, அம்மாவின் மருந்துச் செலவு, இவை எல்லாம் சாட்சியம். கருத்து வேறுபாடு வந்தால் தனிநபர் காய ஆணையம் என்ற அமைப்பு தீர்மானிக்கும். சார்ந்தவர் யாரும் இல்லை என்று ஒருவேளை முடிவானால்கூட, தொகை இறந்தவரின் சட்டப் பிரதிநிதிக்குப் போகும். கம்பெனி கையில் தங்காது.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். தொழிலாளர் இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்கு ஐலார்ஸ் என்ற அரசு நிதித் திட்டம் அங்கே இருக்கிறது. அதில் அனுமதி பெற்ற வழக்கறிஞரைத் தேடுங்கள். முதல் போனிலேயே "ஐலார்ஸ் நிதி கேட்டு விண்ணப்பிப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். அவர் தயங்கினால் அடுத்தவரைப் பாருங்கள்.

உங்கள் அப்பாவுக்குத்தான் முதல் இடம்

நீங்கள் அக்கா. ஓடியாடி எல்லாம் செய்கிறவரும் நீங்கள்தான். ஆனால் கொரோனர் முதலில் தேடுவது "மூத்த நெருங்கிய உறவினரை". மணமாகாதவருக்கு அது பெற்றோர். அவர்கள் இருக்கும்வரை உடன்பிறந்தவர் முறை வராது. ஆகவே அப்பா ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டு, தன் சார்பில் நீங்கள் பேசலாம் என்று எழுதிக் கொடுக்கட்டும். இது இல்லாததால்தான் கொரோனர் அலுவலகம் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் போடவில்லை என்று நினைக்கிறேன். அவர்கள் அலட்சியம் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

பொது விசாரணை நடத்துவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் கொரோனரின் முடிவு. குடும்பம் கேட்கலாம், மறுத்தால் எழுத்தில் காரணமும் கேட்கலாம். நடந்தால் உங்கள் தரப்பு வழக்கறிஞர் அனுமதி பெற்றுச் சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். நியூ சவுத் வேல்ஸ் சட்ட உதவி அமைப்பில் இதற்கென்றே ஒரு பிரிவு இலவச ஆலோசனை தருகிறது. சேஃப்ஒர்க் என்ற பணியிடப் பாதுகாப்பு அமைப்பும் தனியாக விசாரிக்கலாம், கம்பெனிமேல் வழக்கும் போடலாம். அது அவர்கள் வேலை, நீங்கள் நடத்த வேண்டியது இல்லை.

சர்வதேசச் சட்டம், பெரிய தொகை

சித்தப்பா சொல்வது மாண்ட்ரீல் உடன்படிக்கை. அது நாடு விட்டு நாடு போகும் பயணிகளுக்கு. வயலுக்கு மருந்தடித்த பைலட்டுக்குப் பொருந்தாது. இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

கம்பெனியின் கவனக்குறைவால் இறந்தார் என்று நிரூபிக்க முடிந்தால், 1897-ஆம் ஆண்டின் உறவினர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம். இதற்கு மூன்று வருட வரம்பு. இங்கேதான் ஏ.டி.எஸ்.பி. அறிக்கைக்காகக் காத்திருப்பது அர்த்தமுள்ள காரியம், தேதியைக் கண்ணில் வைத்துக்கொண்டு. முதலில் வாங்கிய இழப்பீடு இதில் கழியும். மின்சார நிறுவனத்தின்மேல் வழக்கு என்பது கடினம். கம்பியில் எச்சரிக்கைத் தட்டு மாட்டுவதற்கு ஆஸ்திரேலியத் தர விதிமுறை இருக்கிறது, ஆனால் எல்லா வயல் கம்பியிலும் மாட்டியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாராவது கேட்டும் மாட்டாமல் விட்டார்களா என்பதுதான் அங்கே துருவ வேண்டிய இடம்.

அமெரிக்க வழக்கறிஞர் என்று ஒருவர் முகநூல் வழியே தொடர்புகொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். விமானம் அமெரிக்கத் தயாரிப்பு என்பதால் வந்திருப்பார். இயந்திரக் கோளாறு என்று விசாரணையில் தெரிந்தால் மட்டுமே அந்தப் பேச்சுக்கு உயிர். அதிலும் சிறிய விமானங்களுக்கு 18 வருடம் ஆகிவிட்டால் தயாரிப்பாளர்மேல் பெரும்பாலும் வழக்குப் போட முடியாது என்று 1994-லிருந்து அங்கே சட்டம். விமானத்தின் வயது என்ன என்று பாருங்கள். இப்போதைக்கு அவரிடம் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

அந்தக் குரல் பதிவு

விபத்து நாள் மதியம் தம்பி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவை நீங்கள் எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள்: "அக்கா, இன்னும் மூணு லோடு கெடக்குது. பொழுது எறங்கறதுக்குள்ள முடிக்கோணும்னு சொல்றாங்க. ராத்திரி கூப்புடறன்." இது வீட்டாருக்கு அவன் கடைசிக் குரல். விசாரணைக்கும் இது சாதாரணமானது அல்ல. நேர நெருக்கடி இருந்தது, யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்பதற்கு அந்த நாளின் பதிவு இது. போனை மாற்றாதீர்கள், செயலியை அழித்துப் புதிதாக ஏற்றாதீர்கள். மூலப் பதிவு உள்ள போனை அப்படியே வையுங்கள், ஒரு நகலை வேறு இடத்தில் சேமியுங்கள். ஏ.டி.எஸ்.பி. அதிகாரிக்கு எழுதி, இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்த வாரத்தில் அவன் பேசிய மற்ற அழைப்புகளின் நேரமும் தேவைப்படும். இரவு எத்தனை மணிக்குப் பேசினான், காலையில் எப்போது எழுந்ததாகச் சொன்னான் என்பதை நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். யூடியூப் சேனல்காரர் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. தம்பிக்கு ஆஸ்திரேலியாவில் சூப்பர் எனப்படும் ஓய்வூதிய நிதி இருந்திருக்கும். அதோடு உயிர்க் காப்பீடும் ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம். சில பாலிசிகளில் ஆபத்தான தொழிலுக்கு விலக்கு உண்டு, ஆகவே நிதி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தக்காரர் என்று சொல்லி கம்பெனி சூப்பர் கட்டாமலே விட்டிருந்தால், உழைப்புக்காகவே கூலி வாங்கிய ஒப்பந்தக்காரருக்கும் கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம், அதுவும் ஒரு கோரிக்கை. ஊரில் வங்கிக் கடனைப் பொறுத்தவரை, கூட்டுக் கையெழுத்துப் போட்ட அப்பா பொறுப்பாளிதான், மறைக்க வழியில்லை. ஆனால் அந்த மாதிரிப் பெரிய கல்விக் கடனோடு மாணவர் பெயரில் காப்பீடு எடுக்க வைப்பது பல வங்கிகளின் பழக்கம். கடன் ஒப்பந்தத்தின் பின்பக்கங்களைப் புரட்டுங்கள். தவணையில் முதல் ஒரு வருடம் காப்பீட்டுப் பிரீமியம் என்று ஏதாவது பிடித்திருக்கிறார்களா என்று கணக்கில் தேடுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். "அவனுக்கு வலிச்சிருக்குமா" என்று கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது, உரிமையாளரும் சொல்லக் கூடாது. பதில் சொல்லக் கூடியவர் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர். கொரோனர் அலுவலகத்தில் குடும்பங்களோடு பேசுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அப்பாவின் கடிதம் போன பிறகு அவர்களிடம் இந்தக் கேள்வியை அப்படியே, அம்மா கேட்ட வார்த்தையிலேயே, எழுதுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் போனில் பேசச் சொல்லிக் கேளுங்கள், ஏற்பாடு செய்வார்கள். பரிசோதனை அறிக்கையை நேராக வீட்டுக்கு வரவழைத்து அம்மா முன்னால் பிரிக்க வேண்டாம். அதில் படங்கள் இல்லாவிட்டாலும் சொற்கள் இருக்கும். முதலில் நீங்கள் கேட்டுக்கொண்டு, எவ்வளவு சொல்வது என்று அப்பாவோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.